பார்க்காத பிரசவத்துக்குப் பட்ட தீட்டு

பிரசவம் பார்க்கிறவளுக்கு ஊரில் இரண்டு விதமான மரியாதை உண்டு: வலி எடுத்த வீட்டில் ஒன்று, வலி எடுக்காத வீட்டில் ஒன்று. முதல் மரியாதையைப் பற்றி நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். தெய்வம் மாதிரி வந்தாள், கைராசிக்காரி என்றெல்லாம். இரண்டாவது மரியாதையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நான் திறக்கிறேன். எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

யுத்தம் முடிந்தும் நூலுக்குக் கட்டுப்பாடு தீராத காலம் அது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்; பொதட்டூர்பேட்டையில் அவர் தறி பாதி நாள் சும்மா கிடந்தது. அதற்கு முந்தின வருஷம்தான் என் அக்கா தலைப்பிரசவத்தில் போனாள். குழந்தையும் தங்கவில்லை. காரியம் முடிந்த கையோடு, பாவாவுக்கு, அதாவது அக்கா புருஷனுக்கு, என்னைக் கொடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். பாவா நல்ல மனிதர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். வேண்டாம் என்று சொல்ல ஊருக்குப் புரிகிற காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. அக்கா செத்த வீட்டில், அக்கா படுத்த பாயில், நானும் போய்ப் படுக்க வேண்டுமா என்று கேட்டால் என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள். பிரசவம் பார்க்கப் படிக்கப்போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். நைனா கடைசியில் இறங்கிவந்தார். "போ. முடிக்காம திரும்பி வந்தேன்னா தை மாசம் கல்யாணம்" என்று சொல்லி அனுப்பினார்.

திருத்தணியில் மலையடிவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரி வார்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் எங்களுக்கு அங்கேதான் ஆரம்பப் பாடம். டீச்சரம்மா படம் போட்டுக் காட்டுவார், கேள்வி கேட்பார், திட்டுவார். பிரசவ அறைக்குள் மட்டும் எட்டிப் பார்க்கக்கூட விடமாட்டார். அதெல்லாம் வார்டுக்குப் போன பிறகுதான். போவதற்கோ ஒரு நிபந்தனை இருந்தது. ஒவ்வொருத்தியும் ஊரில் ஒரு கர்ப்பிணியைத் தானே பேசிச் சம்மதிக்க வைத்து, வயிற்றைக் கையால் பார்த்து, குழந்தை எப்படிக் கிடக்கிறது என்று சொல்ல வேண்டும். ஆடிக் கிருத்திகை கழிந்ததும் பட்டணத்திலிருந்து லேடி டாக்டர் வந்து அதே வயிற்றைத் தாமும் பார்ப்பார். சரியாகச் சொன்னவள் வார்டுக்குப் போகலாம். ஆள் கிடைக்காதவள் வீட்டுக்குப் போகலாம். எனக்கு வீடு என்றால் பாவா.

ஊரில் வயிற்றுக்கா பஞ்சம் என்று நினைத்தேன். என்னைப் போல் படிக்கப் போய்ப் பாடுபட்ட சகோதரிகளே, நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

மொட்டைக் கை

முதல் நாளே டீச்சரம்மா எங்கள் கைகளைப் பார்த்து, "கழற்று" என்றார். வளையல் கிடந்தால் கார்பாலிக் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் தேய்க்க முடியாது. நியாயம்தான். பூ வைக்கக் கூடாது, உதிரும். அதுவும் நியாயம். கரையில்லாத வெள்ளைச் சேலை, அழுக்குப் பட்டால் தெரிய வேண்டும். மூன்று நியாயமும் ஒன்றாகச் சேர்ந்ததும், கல்யாணமே ஆகாத நான் புருஷனைப் பறிகொடுத்தவளாகக் கண்ணாடியில் நின்றேன். என்னோடு படித்த எஸ்தருக்கு ஒன்றுமில்லை. அவள் செங்கற்பட்டுப் பக்கத்து வேதக்காரக் குடும்பத்துப் பெண். வெள்ளைச் சேலை அவளுக்குச் சர்ச்சுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைச் சேலை. தறிக்காரன் மகள், சிவப்பும் பச்சையும் தவிர வேறு உடுத்தாதவள், எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலம் கடைத்தெருவில் வந்துகொண்டிருந்தேன். வண்டி கட்டிக்கொண்டு எங்கோ கிளம்பிய ஒரு குடும்பம் என்னைப் பார்த்ததும் இறங்கி உள்ளே போய், கொஞ்சம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வந்து ஏறியது. என் முகம் சகுனத் தடையாம். அவமானம் தாங்காமல் ஒரு வளையல் கடை ஓரமாக ஒதுங்கினேன். கடைக்கார நாகம்மா சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு, என் நன்மைக்குச் சொல்வது போலக் குரலை இறக்கிச் சொன்னாள்: "கொஞ்சம் தள்ளி நின்னுக்கோம்மா, வளையல் போட வர்ற பொண்ணுங்க உன்னைப் பாத்துட்டுத் திரும்பிப் போவுதுங்க."

தோல் குழந்தை

நானும் எஸ்தரும் அலமேலம்மா வீட்டுப் பின்னறையில் குடியிருந்தோம். அவர்கள் மலையடிவாரத்தில் தேங்காய், சூடம், ஊதுபத்திக் கடை வைத்திருந்தார்கள். ஆசாரமான வீடு. ஆஸ்பத்திரியில் நாங்கள் பழகுவதற்கு ஒரு குழந்தைப் பொம்மை இருந்தது. தோலால் தைத்து உள்ளே பஞ்சு அடைத்தது. மரத்தில் கடைந்த இடுப்பெலும்பு வழியாக அதை எப்படித் திருப்பி வெளியே எடுப்பது என்று திரும்பத் திரும்பப் பழக வேண்டும். ஒரு விடுமுறை நாளில் டீச்சரம்மாவிடம் கேட்டு அறைக்கு எடுத்துவந்தோம். எஸ்தர் எடுக்க, நான் டீச்சரம்மா மாதிரி அதட்டிக்கொண்டிருந்தேன். "தலை தெரியுது, அவசரப்படாதே. தோளைப் பிடி. ஆங், வந்துட்டுது, வந்துட்டுது!"

கதவைத் திறந்தபோது வீடே தலைகீழாகியிருந்தது. அலமேலம்மா சமையலறைப் பானைகளையெல்லாம் முற்றத்தில் கவிழ்த்துவிட்டுத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தாள். தீட்டுக் கழிக்க ஐயருக்கு ஆள் போய், அவரும் வந்து நின்றார். எங்கள் இரண்டு பேரில் எவள் பெற்றாள் என்பதுதான் தெருவுக்குத் தெரிய வேண்டியிருந்தது. பொம்மையைக் கொண்டுவந்து கண்ணுக்கு நேரே காட்டி, "இதோ பாருங்க, பொம்மைதான்" என்றேன். அலமேலம்மா குனிந்து பார்த்துவிட்டு, "இது இன்னா, துணியா?" என்றாள். ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். உண்மையை நிலைநாட்டுகிற கோபத்தில், "கன்னுக்குட்டித் தோல்" என்று விட்டேன். அவள் இடுப்பில் கைவைத்து ஐயரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "நெசமாவே கொழந்தை பொறந்திருந்தாலாவது பத்து நாள்ல தீட்டுக் கழிஞ்சிருக்கும், செத்த மாட்டுத் தோலுக்கு எத்தினி நாளுன்னு இந்த ஐயருக்கே தெரியலையே."

பாறையைப் பார்த்து நில்

ஒரு கிருத்திகை நாளில் மனம் நொந்து மலையேறினேன். முருகா, எனக்கு ஒரு வயிற்றைக் காட்டு என்று கேட்கத்தான். பாதிப் படியில் ஒரு கல்யாணக் கூட்டம் எதிரே இறங்கி வந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு வந்தார்கள். என்னைக் கண்டதும் முன்னால் வந்தவர்கள் கையை வீசி, ஓரமாகப் போய்ப் பாறையைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னார்கள். நின்றேன். ஊர்வலம் முழுக்க என் முதுகுக்குப் பின்னால் போனது.

திரும்பினால் அப்பு ஐயர் நிற்கிறார். மேலே ஒரு சத்திரத்தில் கல்யாணக் கோஷ்டிகளுக்குச் சமைக்கிறவர். ஈர வேஷ்டியும் பித்தளைக் குடமுமாக ஏறிவந்தவர், என் சேலையைப் பார்த்ததும் குடத்தை மறுபக்கம் மாற்றிக்கொண்டார். "ஆஸ்பத்திரிப் பொண்ணுதானே? கடைசியா எப்போம்மா பிரசவம் பார்த்தே?" என்றார். "இன்னும் ஒண்ணுகூடப் பாக்கலை சாமி. இப்பத்தான் படிக்கிறேன். பொம்மையைத் தவிர எதையும் தொட்டதில்லை" என்றேன். இதைவிடச் சுத்தமான பதில் என்ன இருக்க முடியும்? அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். பிறகு, "பார்க்கலேன்னா என்ன, பார்க்கப் போறியோன்னோ? அதுக்கும் சேர்த்து அந்தண்டையே ஒதுங்கி நில்லு" என்றார்.

முதலில் ஒன்று பெற்றுவா

எஸ்தர் ரயில்வே குடியிருப்பில் தனக்குத் தெரிந்த ஒரு அக்காளைப் பிடித்துவிட்டாள். நான் தெருத்தெருவாக அலைந்தேன். கதவு திறந்ததும் முதலில் சேலையைப் பார்ப்பார்கள், பிறகு கையைப் பார்ப்பார்கள், பிறகு கழுத்தைப் பார்ப்பார்கள். அதோடு கதவு சாத்தப்படும். அம்மையார்குப்பம் பக்கத்திலிருந்து வந்து குடியேறியிருந்த ஒரு தறிக்கார வீட்டில் மட்டும், நம்ம ஜாதித் தொழில்காரப் பெண்ணாயிற்றே என்று மோர் கொடுத்தார்கள். அந்த வீட்டு அம்மாள் நிறைமாதம். ஏற்கெனவே நாலைந்து பிள்ளைகள் தறிக்குழியைச் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தன. நான் பாடமாக ஒப்பித்தேன்: வலிக்காது, கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வேன், விரல் நுனியால் குத்தமாட்டேன், உள்ளங்கையை மட்டும் வைத்துப் பார்ப்பேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உனுக்கு எத்தினி கொழந்தை?" என்றாள். கல்யாணமே ஆகவில்லை என்றேன். மோர்ச் செம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அப்போ நீ போயி மொதல்ல ஒண்ணு பெத்துக்கினு வா கண்ணு, அப்பால என் வயித்தத் தொடலாம்."

மரக்குழல்

குழந்தையின் நெஞ்சுத்துடிப்பைக் கேட்க ஒரு மரக்குழல் தந்திருந்தார்கள். ஒரு முனையை வயிற்றில் வைத்து மறுமுனையில் காதை வைக்க வேண்டும். ஒரு வீட்டில் கர்ப்பிணியின் மாமனார் ஓரளவு இணங்கி வந்தார். படித்த மனிதர், கணக்குப்பிள்ளை உத்தியோகம். குழலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆணா பொண்ணான்னு இது சொல்லுமா?" என்று கேட்டார். சொல்லாது, உயிர் நன்றாக இருக்கிறதா என்று சொல்லும் என்றேன். அக்கா வயிற்றில் யாராவது இதை வைத்துக் கேட்டிருந்தால் என்று எனக்குள் ஓடியது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? குழலைத் துடைத்துக் கையில் கொடுத்தார். "அது மட்டும்தான் சொல்லும்னா, அதுக்கு இன்னாத்துக்கும்மா ஒரு கொழாயி?"

நைனா கொண்டுவந்த சேலை

ஆடி பிறந்ததும் நைனா வந்தார். நூல் கேட்டு யாரையோ பார்க்க வந்தவர், என்னைப் பார்த்ததும் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுவிட்டார். என் சேலையைப் பார்க்க முடியாமல் மாமரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். மாற்றுக்கு ஒரு வெள்ளைச் சேலை கேட்டு எழுதியிருந்தேன்; சுருட்டி வைத்திருந்த துணியைக் கொடுத்தார். அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை. கிடைத்த கொஞ்ச நூலை லுங்கிக்குப் போடாமல் எனக்காக நெய்திருக்கிறார். "வெள்ளைதான் கேட்டே. உசிரோட கீற பொண்ணுக்கு, கட்டிக்குடுக்காத பொண்ணுக்கு, வெள்ளை நெய்ய என் கை வரலை" என்றார்.

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, சண்டை போட வேண்டும் போலவும் இருந்தது. இன்னும் ஒரு கர்ப்பிணிகூடக் கிடைக்கவில்லை, கிடைக்காவிட்டால் அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. அதை நான் பார்த்தேன். ஆறுதலாகத்தான் சொன்னார், அதற்குத்தான் எனக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது: "கெடைக்கலைன்னா போவுது, நீ ஒண்ணும் கலங்காதே, பாவா காத்துகினுதான் கீறாரு."

மேல் வயிற்றில் கல்

லேடி டாக்டர் வரும் வாரம். அலமேலம்மா கடையில் ஒரு மாமி தேங்காய் வாங்கிக்கொண்டே புலம்பினாள். அப்பு ஐயரின் மனைவி. மகள் ஜானகி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாளாம். எட்டாம் மாதம். சாப்பிட உட்கார்ந்தால், விலாவுக்குக் கீழே கல் மாதிரி உருண்டையாக ஏதோ இடிக்கிறதாம். நான் உள்ளே துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. என் அக்கா இதே வார்த்தையைத்தான் சொன்னாள். வீட்டில் வாயு என்று சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தார்கள். குழந்தையின் தலை கீழே இருக்க வேண்டும். மேலே கல் மாதிரி இடிக்கிறது என்றால் அது தலை.

மாமியின் காலில் விழாத குறை. கடைசியில் சம்மதித்தாள், ஆனால் நிபந்தனையோடு: ஐயர் சத்திரத்துக்குப் போனபின் வர வேண்டும், வெள்ளைச் சேலை கூடாது, மொட்டைக் கை கூடாது, பூ வைத்துக்கொள்ள வேண்டும். அரக்குச் சேலையை உடுத்தினேன். நாகம்மா கடையில் வளையல் போட்டுக்கொண்டேன். ஜானகியை மல்லாக்கப் படுக்க வைத்து, வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் தேய்த்துச் சூடாக்கி வைத்தேன். "கூசறது" என்று சிரித்தாள். என்னைவிடச் சின்னவள். மேலே உள்ளங்கைக்குள் கெட்டியாக, உருண்டையாக, தட்டினால் தனியாக ஆடியது. கீழே மெத்தென்று இருந்தது. தலை மேலேதான். சந்தேகமில்லை. மாமியிடம் சொன்னேன், டாக்டரம்மா வரும்போது கட்டாயம் கூட்டிவாருங்கள், திருப்பிவிடலாம், இல்லையென்றால் பிரசவத்தில் ஆபத்து என்று.

மறுநாள் அப்பு ஐயர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று கத்தினார். நேற்று வரைக்கும் நேராக இருந்த குழந்தை, வேஷம் போட்டு வந்த என் கை பட்டுத்தான் புரண்டுவிட்டதாம். என் மகள் இனி இந்தப் பக்கம் திரும்ப மாட்டாள் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியா, நேற்று வரைக்கும் இடித்தது என்னவாம் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் டீச்சரம்மா என் பக்கம் திரும்பினார். குழந்தை எப்படிக் கிடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சிவப்புச் சேலை, வளையல், தலையில பூ. நீ போனது வயித்தப் பாக்கவா, வளைகாப்புக்கா?"

டாக்டரம்மா முன்னால்

லேடி டாக்டர் வந்தார். எஸ்தரின் ரயில்வே அக்காள் வந்தாள், எஸ்தர் சரியாகச் சொன்னாள். நான் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு மூலையில் நின்றேன். டீச்சரம்மா என் குற்றங்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் ஜானகி நின்றாள், பின்னால் மாமி. தேங்காய் வாங்கப் போவதாக ஐயரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். "இவ கை வெச்ச எடத்துலேயேதான் இன்னும் இடிச்சிண்டிருக்கு. இவளை மறுபடி பார்க்கச் சொல்லுங்கோ" என்றாள் ஜானகி.

நான் பார்த்துச் சொன்னேன். டாக்டரம்மா பார்த்தார். தலையசைத்தார். பிறகு ஒரு கையை மேலேயும் ஒரு கையைக் கீழேயும் வைத்து, பேசிக்கொண்டே, அவசரமே இல்லாமல் வெளியிலிருந்தே குழந்தையைத் தள்ளித் தள்ளித் திருப்பினார். ஜானகி என் கையை நசுக்கிவிட்டாள். முடிந்ததும் என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தலை கீழே வந்திருந்தது. அக்காவுக்கு இவ்வளவுதான் வேண்டியிருந்தது. டீச்சரம்மா விடாமல், வளையல் விஷயத்தை மறுபடி எடுத்தார். டாக்டரம்மா கை கழுவப் போய்க்கொண்டே சொன்னார்: "வார்டுக்கு அனுப்புங்க, அங்கே போய் என்கிட்டே திட்டு வாங்கட்டும்."

சூடம்

மறுமாதம் மாமி பிடிவாதமாகக் கூட்டிவர, ஜானகிக்கு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பிரசவமானது. தலை முதலில் வந்தது, பெண் குழந்தை. நான் பார்த்தேன் என்று நினைக்கிறீர்களா? வெந்நீர் அண்டாவோடு கதவு வரைக்கும் போனேன். டீச்சரம்மா அண்டாவை வாங்கிக்கொண்டு என் மூக்குக்கு நேரே கதவைச் சாத்திவிட்டார். அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது.

அதற்கு மறுநாள் எனக்குப் பட்டணத்துக்கு ரயில். காலையில் ஒருதரம் மலையேறிவிட்டு வரலாம் என்று போனேன். அதே வெள்ளைச் சேலை, அதே மொட்டைக் கை. முதல் படிக்குக் கீழே அப்பு ஐயர் ஒரு பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தார். குடமில்லை, ஏறவுமில்லை. மகளுக்குப் பிரசவமானதால் சத்திரத்திலும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்களாம். அவரைப் பார்த்ததும் நானே பழக்கத்தில் ஓரமாக ஒதுங்கப் போனேன். அவர் எனக்கு முந்தி ஒதுங்கினார். நன்றி என்றோ, அன்றைக்கு அப்படிச் சொல்லிவிட்டேன் என்றோ ஒரு சொல் இல்லை. பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார். "கிட்ட வராதேம்மா, மூணு நாளைக்கு எனக்குத் தீட்டு, மலையேறப்படாது; நீ இன்னும் ஒண்ணும் பார்க்கலையே, எனக்காக இந்தச் சூடத்தை ஏத்திட்டு வந்துடு."

கேட்க வேண்டியதெல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பேத்தியின் முகத்துக்காக விழுங்கினேன். சூடத்தை எடுத்துக்கொண்டு, ஒருவருக்கும் வழி விடாமல், படியின் நட்டநடுவில் ஏறிப்போய் ஏற்றிவிட்டு வந்தேன். இந்தத் தொழிலில் எனக்கு வரவேண்டிய தீட்டையெல்லாம் அந்த ஊரிலேயே முன்கூட்டி அனுபவித்துத் தீர்த்துவிட்டு, முதல் பிரசவத்தைப் பார்க்க அன்று மத்தியானம்தான் ரயிலேறினேன்.